வீட்டிலிருந்தே சலவைச் சேவை: துணிப் பையைத் தூக்கும் முன் கணக்கைப் போடுங்கள்

ஜொகூர் பாருவில் விடிவதற்கு வெகு நேரம் முன்பே, காலை 4 மணிக்கெல்லாம், மோட்டார் சைக்கிள்கள் கடற்பாலத்தை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. நாளொன்றுக்கு மூன்று இலட்சம் பேருக்கு மேல் கடக்கும் எல்லை அது. அந்தக் கூட்டத்தில் நம்மவர்களும் நிறைய இருக்கிறார்கள். வேலை முடித்து, நெரிசலில் நின்று, தாமானுக்குத் திரும்பும்போது இரவு 8 அல்லது 9 மணி ஆகிவிடும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் வாரக் கடைசியில் மலைபோல் குவிந்து கிடப்பது துணிதான்.

அதே தாமானில், அதே அடுக்குமாடியில், சிறு பிள்ளையையோ நோயாளியான மாமியாரையோ விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாத பெண்களும் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவுவிலை வீடுகளுக்கு வந்த குடும்பங்களில் இந்த நிலைமை அதிகம். கையில் வேலைத் திறன் உண்டு. வெளியே போக வழி இல்லை. இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு தொழில் இருக்கிறது. அழுக்குத் துணியை வாசலில் வாங்கி, துவைத்து, காய வைத்து, மடித்து, மறுபடி வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. முதலீடும் குறைவு. ஆனால், கணக்குப் போடாமல் இறங்கினால் உடம்பு தேயுமே தவிர கையில் காசு நிற்காது. ஆகவே தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நமக்குப் புதிதல்ல

மலாய்க்காரர்கள் சலவைக் கடையை 'டோபி' என்கிறார்கள். அந்தச் சொல்லே இந்தியாவிலிருந்து வந்ததுதான். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் 'டோபி காட்' என்ற இடத்தில் அன்று நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர்கள் ஓடைத் தண்ணீரில் துணி துவைத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். இன்று அங்கே ஓடையைக் காணோம், இரயில் நிலையம்தான் இருக்கிறது. 1987-இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் இன்றும் அதே பெயரைத் தாங்கி நிற்கிறது. பினாங்கிலும் டோபி காட் என்ற பெயரில் ஓர் இடம் உண்டு.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலைத் தொடங்கப் போகிறேன் என்றதும் "ஊரார் துணியைத் துவைக்கவா போகிறாய்?" என்று கேட்க நம்மிடையே இன்னும் சில வாய்கள் இருக்கின்றன. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது பழைய சாதிப் பார்வை. இதே வேலையைக் கண்ணாடிக் கதவு போட்டு, குளிர்சாதனம் வைத்து, பெரிய பலகை மாட்டிச் செய்தால் 'முதலாளி' என்பார்கள். வீட்டுப் பெண் மோட்டார் சைக்கிளில் பை எடுத்துப் போனால் மட்டும் இளக்காரம். இந்தப் பேச்சுக்குப் பயந்து பின்வாங்கியவர்கள் உண்டு. பேசுகிறவர்கள் நம் வீட்டு வாடகையைக் கட்டப் போவதில்லை. இதை முதலிலேயே மனத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்று வழிகள்

வீட்டிலிருந்து இந்தத் தொழிலை மூன்று விதமாகச் செய்யலாம்.

முதல் வழி, இயந்திரமே வாங்காமல் செய்வது. துணியை வாங்கிப் பக்கத்தில் உள்ள சுயசேவை டோபியில் துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொடுக்கிறீர்கள். முதலீடு மிகக் குறைவு. தொடங்கிப் பார்க்க ஏற்றது.

இரண்டாவது வழி, பெரிய சலவைக் கடையோடு பேசி, மொத்த விலைக்குத் துவைத்து வாங்குவது. நீங்கள் எடுப்பது, கொடுப்பது, வாடிக்கையாளரைக் கவனிப்பது மட்டும். உழைப்பு குறைவு, இலாபமும் குறைவு. துணி கெட்டுப்போனால் வாடிக்கையாளர் கேட்பது உங்களைத்தான், கடைக்காரரை அல்ல.

மூன்றாவது வழி, சொந்த இயந்திரத்தில் வீட்டிலேயே துவைப்பது. ஒரு பைக்கான செலவு இறங்கும். ஆனால் தண்ணீர், மின்சாரம், உலர்த்தும் இடம், கழிவுநீர், அக்கம்பக்கத்தார் என்று தலைவலிகள் கூடும்.

முதல் மூன்று மாதம் முதல் வழியில் நடத்துங்கள். வாடிக்கையாளர்கள் நிலைத்த பிறகு இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். இயந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைத் தேடுவது தலைகீழான வேலை.

உங்கள் உழைப்புக்கும் விலை போடுங்கள்

வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, தங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்க்காததுதான். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. மணிக் கணக்கில் 8 வெள்ளி 72 காசு. வெளியே போய் வேலை செய்தால் ஒரு மணி நேரத்துக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய தொகை அது. அதையே அளவுகோலாக வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் பகுதி விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஒரு பையில் சுமார் 6 கிலோ துணி. சுயசேவை டோபியில் துவைக்க 6 வெள்ளி, உலர்த்த 6 வெள்ளி. சவர்க்காரத் தூளும் வாசனைத் திரவமும் 80 காசு. உறை 30 காசு. பெட்ரோல் 1 வெள்ளி. மொத்தச் செலவு 14 வெள்ளி 10 காசு. ஒரு பைக்கு நீங்கள் வாங்குவது 22 வெள்ளி என்றால் மிச்சம் 7 வெள்ளி 90 காசு.

நேரத்தைப் பாருங்கள். போய் எடுத்து, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க 30 நிமிடம். டோபியில் 70 நிமிடம். மடிக்க 20 நிமிடம். மொத்தம் 2 மணி நேரம். அப்படியானால் உங்கள் ஒரு மணி நேர உழைப்பின் விலை 3 வெள்ளி 95 காசு மட்டுமே. குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி கூட இல்லை.

இப்போது அதே விலைக்கு, ஒரே அடுக்குமாடியில் மூன்று வீட்டுப் பைகளை ஒன்றாக எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக் கொடுக்க மொத்தம் 40 நிமிடம். மூன்று இயந்திரங்களும் ஒரே நேரத்தில் ஓடுவதால் டோபியில் அதே 70 நிமிடம். மடிக்க 60 நிமிடம். மொத்தம் 2 மணி 50 நிமிடம். பெட்ரோல் மூன்றுக்கும் சேர்த்து 2 வெள்ளி என்றால் செலவு 41 வெள்ளி 30 காசு. வரவு 66 வெள்ளி. மிச்சம் 24 வெள்ளி 70 காசு. மணிக்கு ஏறக்குறைய 8 வெள்ளி 70 காசு.

விலையைக் கூட்டவில்லை. பைகளைச் சேர்த்து எடுத்தோம், அவ்வளவுதான். இந்தத் தொழிலின் இரகசியம் இதில்தான் இருக்கிறது. ஊர் முழுக்கப் பரந்து கிடக்கும் 20 வாடிக்கையாளர்களைவிட, ஒரே புளோக்கில் இருக்கும் 8 வாடிக்கையாளர்கள் மேல். ஸ்கூடாயில் ஒரு பை, மாசாயில் ஒரு பை என்று ஓடினால் இலாபம் பெட்ரோல் நிலையத்துக்குப் போய்விடும்.

பக்கத்து டோபியைவிட மலிவாகக் கொடுக்கிறேன் என்று ஒரு பையை 18 வெள்ளிக்கு இறக்கினால் என்ன ஆகும்? மூன்று பை சேர்த்து எடுத்தாலும் மிச்சம் 12 வெள்ளி 70 காசு. மணிக்கு 4 வெள்ளி 50 காசுக்கும் சற்றுக் குறைவு. 4 வெள்ளி விலைக் குறைப்பு உங்கள் கூலியைப் பாதியாக்கிவிடும். ஆகவே விலையைக் குறைத்து வாடிக்கையாளரைப் பிடிக்க நினைக்காதீர்கள். சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிடியுங்கள்.

நாளுக்கு மூன்று பை, மாதம் 26 நாள் என்றால் கையில் நிற்பது சுமார் 642 வெள்ளி. ஆறு பை என்றால் சுமார் 1,284 வெள்ளி. ஆனால் அதற்கு நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். கைப்பேசிக் கட்டணம், மோட்டார் சைக்கிள் பராமரிப்பு, காப்புறுதி ஆகியவற்றை இதிலிருந்துதான் கழிக்க வேண்டும். பெரிய பணக்காரராகும் வழி இது அல்ல. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, மாதம் நம்பக்கூடிய ஒரு வருமானம் பார்க்கும் வழி. அந்த எதிர்பார்ப்போடு இறங்கினால் ஏமாற்றம் இராது.

யாரிடம் போய்க் கேட்பது?

எல்லை கடந்து வேலைக்குப் போகிறவர்கள் முதல் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு இரவு 9 மணிக்கு மேல் எடுப்பதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடுப்பதும் வசதி. ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறாகிவிட்டது. சிங்கப்பூரில் வேலை செய்கிறவருக்கும் இங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் இப்போது ஒரே நாளில் விடுமுறை. ஞாயிறு மாலைக்குள் பள்ளிச் சீருடையும் தொழிற்சாலைச் சீருடையும் மடித்து வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் கால அட்டவணையை அதையொட்டி அமையுங்கள்.

மாணவர்கள் இன்னொரு கூட்டம். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சுற்றி வாடகை வீடுகள் ஏராளம். மாணவரிடம் அதிகப் பணம் கிடைக்காது. ஆனால் ஒரு வீட்டில் ஐந்து பேர், ஒரே வாசலில் ஐந்து பை.

எல்லாவற்றையும்விட நிலையான வருமானம் தருவது சிறு கடைகள். முடிதிருத்தும் கடைத் துண்டுகள், அழகு நிலையத் துண்டுகள், உணவகத்தின் ஏப்ரன்கள், தாடிக்காவின் மெத்தை உறைகள், ஹோம்ஸ்தேயின் படுக்கை விரிப்புகள். இவற்றில் பலவற்றை நடத்துகிறவர்கள் நம்மவர்களே. ஒரு முடிதிருத்தும் கடையில் துண்டு தினமும் அழுக்காகும். தீபாவளிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால், கிளினிக் துணிகளை வீட்டுத் தொழிலில் சேர்க்காதீர்கள். இரத்தமும் கிருமியும் பட்ட துணிக்குத் தனி முறை வேண்டும்.

தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது? லயத்தில் ஆளாளுக்குச் சொந்தமாகத் துவைத்துக்கொள்வார்கள். அங்கே வாடிக்கை குறைவு. ரெங்கம், லாயாங்-லாயாங் போன்ற இடங்களில் இருப்பவர்கள் பக்கத்துச் சிற்றூரில் உள்ள பள்ளி ஆசிரியர்கள், கடைகள், தோட்ட அலுவலர் வீடுகள் ஆகியவற்றைப் பிடித்து, வாரம் இரண்டு நாள் மட்டும் ஒரு சுற்று வைத்துக்கொள்வது நல்லது. தூரம் அதிகம் என்பதால் பைகள் சேர்ந்த பிறகே வண்டியை எடுங்கள்.

பருவத்தையும் கவனியுங்கள். ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது கொடியில் துணி காயாது. தீபாவளியும் பெரும்பாலும் அதையொட்டியே வருகிறது. திரைச்சீலை, போர்வை, சோபா உறை என்று வேலை குவியும். கோத்தா திங்கி, மெர்சிங், சிகாமட் பக்கம் வெள்ளம் வந்தால் சாலையே மூடப்படலாம். அந்தக் காலத்தில் 'மறுநாளே தருகிறேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

பதிவும் உரிமமும்

பலர் பயப்படுவது இதற்குத்தான். உண்மையில் பெரிய சிரமம் இல்லை.

1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழிலைத் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்ய வேண்டும். 18 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தர வசிப்பிடத் தகுதி உடையவர்களும் பதியலாம். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. 'இன்னார் சலவைச் சேவை' என்று வணிகப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி. முகப்பிடத்திலும் பதியலாம், இணையத்திலும் பதியலாம்.

எஸ்எஸ்எம் பதிவு வேறு, ஊராட்சி மன்ற உரிமம் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வீட்டில் வைத்துத் தொழில் செய்ய உரிமம் தேவையா, எந்த நிபந்தனையோடு என்பதை உங்கள் பகுதி மன்றம்தான் சொல்ல வேண்டும். ஜொகூர் பாரு, இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங் ஆகியவற்றுக்கு மாநகர் மன்றங்கள். கூலாய், குளுவாங், பத்து பகாட், மூவார், சிகாமட் ஆகியவற்றுக்கு நகராண்மைக் கழகங்கள். ஒவ்வொன்றின் துணைச் சட்டமும் வேறு. உரிமப் பிரிவுக்கு நேரில் போய், "வீட்டில் துவைக்கப் போகிறேன்" அல்லது "வெளியே துவைத்து வீட்டில் மடிக்க மட்டும் போகிறேன்" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வேறாக இருக்கலாம்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும், அடுக்குமாடி என்றால் நிர்வாகக் குழுவிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பொது நடைபாதையில் துணி காயப் போடுவதும், நுரைத் தண்ணீரைக் கால்வாயில் விடுவதும் புகாரில்தான் முடியும்.

தராசு விஷயத்திலும் கவனம் தேவை. கிலோ கணக்கில் காசு வாங்கினால், 1972-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டப்படி சோதித்து முத்திரை குத்தப்பட்ட தராசையே பயன்படுத்த வேண்டும். இணையத்தில் வாங்கிய தொங்கு தராசை வைத்து விலை சொல்வது சட்டத்துக்கு உகந்ததல்ல. அதற்கு எளிய மாற்று, பை கணக்கு. ஒரே அளவுப் பைகளை நீங்களே கொடுங்கள். "பை நிறைய இவ்வளவு" என்று விலை வையுங்கள். வாசலில் தகராறும் இராது.

வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காவிட்டாலும் வரவு செலவை எழுதி வையுங்கள். தொழில் வருமானம் உள்ளவர்கள் பி பாரத்தை ஆண்டுதோறும் ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். இரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நாளை கடனுக்கு விண்ணப்பிக்கும்போது உங்களுக்காகப் பேசப் போவதும் இந்தக் கணக்குப் புத்தகம்தான்.

சொந்தத் தொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. சொக்சோ நடத்தும் இந்தத் திட்டத்தில் நீங்களே சந்தா கட்டிச் சேரலாம். மோட்டார் சைக்கிளில் தினமும் ஓடுகிறவருக்கு இது கட்டாயம் வேண்டிய பாதுகாப்பு. வண்டிக் காப்புறுதி தொழிலுக்கு ஓட்டுவதையும் உள்ளடக்குமா என்று காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துணி தொலைந்தால், கெட்டால்?

இந்தத் தொழிலை மூட வைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சட்டைதான். சாயம் இறங்கிய ஒரு பள்ளிச் சட்டை, காணாமல் போன ஒரு பாஜு குரோங். இவற்றைத் தவிர்க்கச் சில விதிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டுத் துணியை இன்னொரு வீட்டுத் துணியோடு ஒருபோதும் கலக்காதீர்கள். இயந்திரத்தில் பாதி இடம் காலியாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் கொடுங்கள். பையிலும், காலுறைக்கான வலைப் பையிலும், இரசீதிலும் அதே எண் இருக்கட்டும்.

வாசலிலேயே எண்ணுங்கள். "அண்ணே, உங்கள் முன்னாலேயே எண்ணிக்கிறேன், பாக்கெட்டையும் ஒருமுறை பார்த்துடுங்க" என்று சொல்லுங்கள். கறை, கிழிசல், பொத்தான் இல்லாதது எதுவாக இருந்தாலும் கைப்பேசியில் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பாக்கெட்டில் பணமோ அட்டையோ கிடைத்தால் அப்போதே தகவல் சொல்லுங்கள். ஒருமுறை 50 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் புளோக் முழுவதும் உங்கள் பெயர் பரவும்.

துணியில் தைத்திருக்கும் அடையாளத் துண்டைப் படிக்கப் பழகுங்கள். தொட்டிப் படத்தில் உள்ள 30, 40, 60 என்ற எண் தண்ணீரின் வெப்ப அளவு. முக்கோணம் வெளுப்பானைக் குறிக்கும். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் உலர்த்தும் இயந்திரம். இஸ்திரிப் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. எந்தப் படத்தின் மேலும் பெருக்கல் குறி இருந்தால் அதைச் செய்யக் கூடாது. வெறும் வட்டம் மட்டும் இருந்தால் அது உலர் சலவைக்கு உரியது.

பட்டுச் சேலை, சரிகை வேட்டி, கோட்டு, கல் பதித்த லெங்கா ஆகியவற்றை எடுக்காதீர்கள். "மன்னிச்சிருங்க அக்கா, இதை உலர் சலவைக் கடையில கொடுங்க" என்று சொல்வதில் வெட்கமில்லை. ஒரு காஞ்சிபுரப் பட்டுக்கு ஈடு கொடுக்க நீங்கள் எத்தனை பை துவைக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

'துணி சேதமானால் நாங்கள் பொறுப்பல்ல' என்று இரசீதில் அச்சடித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருகிறவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் அதைச் செய்தாக வேண்டும். அந்தப் பொறுப்பை ஓர் அறிவிப்பால் விலக்கிவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரைக்கும் ஒருவர் வழக்குப் போடலாம். ஆகவே தவறு உங்களுடையது என்றால் உடனே ஒப்புக்கொண்டு, ஈட்டுத் தொகையைப் பேசி முடித்துவிடுங்கள். இதற்கென்று ஒவ்வொரு பைக்கும் 50 காசு தனியாக எடுத்து வையுங்கள்.

எல்லா இனத்தவர் துணியும் வரும்

2017 செப்டம்பரில் மூவாரில் ஒரு சுயசேவை டோபி, முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அறிவிப்பு வைத்தது பெரும் சர்ச்சையானது. ஜொகூர் சுல்தான் நேரடியாகக் கண்டித்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பை அகற்றினார். ஜொகூரில் சலவைத் தொழில் செய்கிற எவரும் அந்த நிகழ்விலிருந்து இரண்டு பாடம் கற்கலாம். ஒன்று, வாடிக்கையாளரை இனம் பார்த்துப் பிரிக்கக் கூடாது. இரண்டு, தூய்மை குறித்து ஒருவருக்கு இருக்கும் சமய உணர்வை அலட்சியமும் செய்யக் கூடாது.

வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா? முஸ்லிம் வாடிக்கையாளரிடம் அதை மறைக்காதீர்கள். நாயின் போர்வை, படுக்கை எதையும் வாடிக்கையாளர் துணி துவைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள். ஒவ்வொரு வீட்டுத் துணியையும் தனித்தனியாகத் துவைக்கிறேன் என்று சொல்லி, அதன்படி நடந்துகொண்டால் மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாரும் நம்பிக் கொடுப்பார்கள்.

உங்கள் உடம்பும் முக்கியம்

அழுக்குத் துணியைப் பிரிக்கும்போது கையுறை போடுங்கள். சொறி, சிரங்கு உள்ள வீட்டுத் துணி என்றால் சூடான தண்ணீரில் துவைக்க வேண்டும். சொறிப் பூச்சி 50 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் 10 நிமிடத்தில் செத்துவிடும்.

தோட்டத்தில் மருந்து தெளிக்கிறவர்களின் துணியை மற்றத் துணியோடு சேர்க்கவே கூடாது. பாராகுவாட் 2020 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மற்றக் களைக்கொல்லிகள் புழக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தத் துணியைத் தனியாக அலசி, தனியாகத் துவைத்து, இயந்திரத்தை ஒருமுறை வெறுமனே ஓடவிட்ட பிறகே அடுத்ததைப் போட வேண்டும். குழந்தைத் துணி துவைக்கிற இடத்தில் இந்த வேலையை எடுக்காமல் இருப்பதே நல்லது.

வெளுப்பானையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும். இஸ்திரிப் பெட்டியையும் சலவை இயந்திரத்தையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகாதீர்கள். ஈரத் துணிப் பையைக் குனிந்து தூக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குங்கள். முதுகு போய்விட்டால் தொழிலும் போய்விடும்.

பணத்துக்கு எங்கே போவது?

முதல் வழியில் தொடங்கப் பெரிய கடன் தேவையில்லை. ஒரே அளவுப் பைகள் 20, வலைப் பைகள், இரசீதுப் புத்தகம், எண் அட்டைகள், மோட்டார் சைக்கிள் பெட்டி, மழை உறை, முதல் மாதச் செலவுக்குக் கொஞ்சம் கையிருப்பு. அவ்வளவே.

இயந்திரம் வாங்கும் கட்டம் வந்தால், தெக்குன் நேஷனல் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்கென ஸ்புமி கடனுதவித் திட்டம் இருக்கிறது. அமானா இக்தியார் மலேசியாவில் இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டது. இரண்டுக்கும் அலுவலகத்துக்கு நேரில் போய், அன்றைய நிபந்தனைகளைக் கேளுங்கள். இடைத்தரகருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். எஸ்எஸ்எம் பதிவும் ஆறு மாதக் கணக்குப் புத்தகமும் கையில் இருந்தால் உங்கள் விண்ணப்பம் தானாகவே பேசும்.

அலோங் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். கூட்டுப் பணத்தை நம்பி இயந்திரம் வாங்குவதும் ஆபத்து. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிடித்தவர் ஓடிவிட்டால் போய்க் கேட்க இடமிருக்காது.

முதல் மாதம்

முதல் வாரம் உங்கள் புளோக்கில் மட்டும் சொல்லுங்கள். சுயசேவை டோபியில் எந்த நேரம் கூட்டம் குறைவு என்று பார்த்து வையுங்கள். இரண்டாம் வாரம் மூன்று வீட்டுப் பைகளை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதுங்கள். மூன்றாம் வாரம் பக்கத்தில் உள்ள ஒரு முடிதிருத்தும் கடையிலோ உணவகத்திலோ பேசிப் பாருங்கள். நான்காம் வாரம் உட்கார்ந்து கணக்கைப் பாருங்கள். மணிக்கு 8 வெள்ளி 72 காசுக்குக் கீழே நிற்கிறதா? அப்படியானால் பைகளைச் சேர்த்து எடுக்க வழி பாருங்கள், அல்லது விலையைத் திருத்துங்கள். அதற்கு மேல் நிற்கிறதா? அடுத்த புளோக்குக்குப் போகலாம்.

கடன் சொல்கிறவர்கள் வருவார்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், கோயிலில் பார்க்கிறவர் என்று யாராக இருந்தாலும், துணியைக் கொடுக்கும்போதே காசு என்பதை முதல் நாளிலிருந்தே பழக்கப்படுத்துங்கள். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். "சும்மாதானே வீட்டில் இருக்கிறாய்" என்று சொல்லி, இந்த வேலை நேரத்தில் இன்னொரு வேலையைத் தலையில் கட்டினால், கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். பிள்ளையின் டியூஷன் கட்டணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவர்களே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.